கைகாட்டி மாறிய கணக்குப் புத்தகம்

முப்பத்திரண்டு வருட வேலையில் நான் எழுதிய ப்ரோகிராம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் நாற்பது வரி. அந்த நாற்பது வரியை வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற நாளில் என்னைக் கணினி வல்லுநர் என்று மேடையில் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. ஏற்கெனவே பேச்சு நீண்டுகொண்டிருந்தது. மறுக்கப் போனால் இன்னும் கால்மணி நேரம் ஆகும். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

போன மாதம் அலுவலகத்திலிருந்து இந்திரா போன் செய்தாள். இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான். “சார், எல்லாத்தையும் புது சர்வருக்கு மாத்தறோம். உங்க ‘மாத்து’ கமாண்ட எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. ஒவ்வொரு பேருக்கும் நின்னு நின்னு கேள்வி கேக்குது சார். யாரு உக்காந்து பதில் சொல்றது?” என்றாள். எடுத்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். நான் பெற்ற பிள்ளையா அது, கட்டிக்கொண்டு அழ? ஆனால் அது ஏன் நின்று நின்று கேட்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டுமே என்று பிறகு தோன்றியது. போனில் சொல்லக்கூடிய கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பிரெய்ல் அச்சகம். பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புத்தகங்களை அச்சடிக்கும் இடம். எண்பதுகளின் தொடக்கத்தில், டைப்பிஸ்ட் வேலை என்று நம்பிப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் ஆறே ஆறு விசை உள்ள ஒரு இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள். மீதி எழுத்தெல்லாம் எங்கே என்று கேட்டேன். இந்த ஆறு புள்ளிக்குள்தான் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, எல்லாம் என்றார்கள். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. கண்ணால் படிக்கக் கற்றுக்கொண்டேன். விரலால் கடைசிவரை வரவில்லை.

தொண்ணூறுகளில் எங்களுக்கு ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரும் எம்பாஸரும் வந்தன. எம்பாஸர் என்பது தடித்த தாளில் புள்ளி குத்தும் பிரிண்டர். அது ஓடும்போது கல் உடைக்கிற இடத்தில் நிற்பது போலிருக்கும். கம்ப்யூட்டரின் டிஸ்க் மிகச் சிறியது. ஆகவே ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு கோப்புதான் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் எங்களிடம் புத்தகம் கேட்பவர்கள் பலவிதம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நெருக்கமான வரி போதும். பெரியவரான பின் பார்வை போனவர்களுக்கு விரல் பழகியிருக்காது. அகலமான வரி வேண்டும். சிலருக்கு ஒரு பாடம் மட்டும் வேண்டும். எனவே ஒவ்வொரு வாசகர் பெயரிலும் ஒரு டைரக்டரி, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு தனி அலமாரி வைத்து, அதற்குள் வரியின் அகலத்தைக் குறித்து, அவருக்கு வேண்டிய பாடங்களுக்கு லிங்க் மட்டும் போட்டு வைத்தேன். லிங்க் என்றால் வேறொன்றுமில்லை, சாலையோரக் கைகாட்டி. ஊர் அங்கே இருக்காது, ஊர் இருக்கும் திசை இருக்கும். பிரிண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் கைகாட்டியைப் பார்த்துப் போய், அங்கே இருக்கிற பாடத்தைக் குத்திக் கொடுத்துவிடும்.

இனி கிரேஸ் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர்தான் தலைமைப் பிழைதிருத்துநர், எனக்கு மேலதிகாரி. பிறவியிலேயே பார்வை கிடையாது. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திருத்தத் தொடங்குவார். “மொதப் பக்கத்துல எல்லாரும் ஒழுங்காதான் இருப்பாங்க சம்பத். ஆளு யாருன்னு கடைசிப் பக்கத்துலதான் தெரியும்” என்பார். தப்பைக் கண்டுபிடித்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். என் மரத்துப்போன விரலுக்கு அங்கே என்ன தெரியும்? நாலு மேடு தெரியும். ஆனாலும் அவர் கையை எடுக்கும்வரை அசைய முடியாது. அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா புள்ளியை விரலால் தடவி உரக்கப் படிப்பார். நான் அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி கூடவே போவேன். ஒப்புப் பார்ப்பது என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் புத்தகத்தின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அதை முழுக்கப் படித்தால் நாக்கு தள்ளிவிடும். அதனால் அந்த இடம் வந்தால் அக்கா “அதே” என்பார், நானும் “அதே” என்பேன். அடுத்த வரிக்குப் போய்விடுவோம். வருடக்கணக்காக இப்படித்தான்.

பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் மாறியபோது இந்த வழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

புதுப் புத்தகங்களை ஒரு வழியாக ஏற்றி முடித்தோம். இப்போது எல்லா வாசகர்களின் லிங்க்கும் பழைய பாடத்தைவிட்டுப் புதுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு லிங்க்கைத் திருத்த முடியாது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு கமாண்ட். ஆயிரக்கணக்கில் லிங்க். பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. கையால் செய்தால் தீபாவளி வந்துவிடும். அப்போது உட்கார்ந்து எழுதியதுதான் ‘மாத்து’. பழைய பத்தாம் வகுப்பை எதெல்லாம் கைகாட்டுகிறதோ, அதெல்லாம் புதியதைக் கைகாட்டட்டும். இதுதான் அதற்கு நான் கொடுத்த வேலை. டிஸ்க்கில் இடம் இல்லாததால் இன்னொரு வேலையும் கொடுத்தேன். மாற்றி முடித்த பின், யாருமே கைகாட்டாத பாடம் ஏதாவது இருந்தால் அதை அழித்துவிட வேண்டும்.

எடுத்த எடுப்பில் மாற்றிவிடக் கூடாது என்கிற புத்தி மட்டும் இருந்தது. என்னென்ன மாறப் போகிறது என்று முதலில் பட்டியலாக வரும்; சரி என்று தட்டச்சு செய்தால்தான் மாற்றும். அக்காவுக்குப் புள்ளியில் ஒரு பட்டியல் எடுத்தேன், எனக்குச் சாதாரணத் தாளில் ஒன்று. இரண்டு பேரும் ஒப்புப் பார்க்க உட்கார்ந்தோம். வாசகர் பெயர், பாடம், பழைய இடம், புது இடம். முதல் இருபது வரியை முழுக்கப் படித்தோம். பெயரைத் தவிர எல்லாம் ஒன்றுதான். அக்கா பெயரைச் சொல்லி “அதே” என்றார். நானும் அதே. பெயர், அதே. பெயர், அதே. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டோம். இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒத்துப்போயின. எங்கள் தொழிலில் அதற்கு மேல் என்ன வேண்டும்? சரி என்று தட்டினேன். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் மாத நடுவில் ஒரு நாள் எஸ்தர் வந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி, தடியைத் தட்டிக்கொண்டு, தோளில் தலையணை தடிமனுக்கு இரண்டு பிரெய்ல் வால்யூம்களோடு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பத்தாவதில் தவறிவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள். இருபதாவது வயதில் நோய் வந்து கண் போனது. அதற்குப் பிறகு பிரெய்ல் கற்று, விட்ட பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, கணக்கு ஒன்று மட்டும் பாக்கி வைத்திருந்தாள். டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சியில் சேரப் பத்தாவது தேற வேண்டும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. பழைய பாடத்திட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு அக்டோபரில் கடைசித் தேர்வு. அதை விட்டால் அவளுக்கு அந்த வேலை கிடையாது.

வால்யூமை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். “இன்னா சார் இது, நான் படிச்ச கணக்கே இதுல இல்ல. மொதல்ல நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன். கண்ணு போனதோட புத்தியும் போச்சான்னு ரெண்டு வாரம் அழுதுகினே படிச்சேன். பக்கத்து வூட்டுப் பொண்ணு பத்தாவது. அது சத்தம் போட்டுப் படிக்க சொல்லோ கேட்டேன். எங்கிட்ட கீற கணக்கதான் அதுவும் படிக்குது. அது புதுசு, நான் பழசு. ரெண்டு பேருக்கும் எப்டி சார் ஒரே புக்கு?”

கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தேன். எஸ்தர், கணக்கு, எல்லா லிங்க்கும் புதுப் பாடத்தைக் கைகாட்டிக்கொண்டு நின்றன. பழைய கணக்கைத் தேடினேன். இல்லை. அதைக் கடைசியாகக் கைகாட்டிக்கொண்டிருந்தவள் இவள் ஒருத்திதான். இவளையும் நான் திருப்பிவிட்டதும் அது யாருக்கும் வேண்டாத பாடமாகி, என் ப்ரோகிராமே அதை அழித்துவிட்டது. டேப்பில் நகல் இருக்குமா என்று பார்த்தேன். எங்களிடம் இருந்தது இரண்டே டேப். வெள்ளிக்கிழமைதோறும் மாற்றி மாற்றி ஏற்றுவோம். இரண்டிலும் பழையதின் மேல் புதிது ஏறி மாதக்கணக்காகிவிட்டது.

அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து புத்தகம் கேட்டு எஸ்தர் முன்பு கொடுத்திருந்த விண்ணப்பத்தை எடுத்தார். புள்ளியில் எழுதிய விண்ணப்பம். தடவிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என் கையைப் பிடித்து ஒரு வரியின் மேல் என் விரலை வைத்தார். பழைய பாடத்திட்டம் என்று அதில் இருந்தது. நான் அசையாமல் இருந்தேன். அவர் கையை எடுக்கவில்லை. தன் விரலையும் கொண்டுவந்து என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“லிஸ்ட்ட லிஸ்ட்டோட ஒத்துப் பாத்தோம் சம்பத். இதோட ஒத்துப் பாக்கல. எஸ்தர் பேரப் படிச்சது நான். அதேன்னு சொன்னதும் நான். தப்பு என்னோடது” என்றார்.

“ப்ரோகிராம் எழுதினது நான்க்கா. அழிக்கச் சொன்னதும் நான்.”

எஸ்தர் எங்கள் இருவர் குரலையும் கேட்டுக்கொண்டு நின்றாள். “ரெண்டு பேரும் அப்பறமா பங்கு போட்டுக்கோங்க. எனக்குக் கணக்கு புக்கு வேணும். இந்தத் தபா வுட்டா வூட்ல வெங்காயம் உரிச்சுக்கினு கெடக்க வேண்டியதுதான்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தேர்வுக்கு ஏழு வாரம்கூட இல்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தை முதல் தடவை ஏற்ற நாலு மாதம் ஆகியிருந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. “அடுத்த வருஷம் புது சிலபஸ்ல எழுதச் சொல்லுங்களேன், புக் நாமளே ஃப்ரீயா குடுத்துடலாம்” என்றார். அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே நானும் வந்தேன்.

“நாலு மணிக்கு வேலை முடியுது. ஆறரை வரைக்கும் இருப்பீங்களா?” என்று கேட்டார்.

“இருப்பேன்க்கா.”

“எஸ்தர், நீ டெய்லி வர முடியுமா?”

“டாண்ணு வந்துருவேங்க்கா” என்றாள் அவள்.

தாம்பரம் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் அந்தக் கணக்குப் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் பி. சுமதி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு என்று எழுதியிருந்தது. சுமதி பென்சிலால் அங்கங்கே நட்சத்திரம் போட்டு, ‘இது கட்டாயம் வரும்’ என்று குறித்து வைத்திருந்தாள். இதையும் படிக்கவா என்று அக்காவைக் கேட்டேன். படிங்க, ஒண்ணு விடாம படிங்க என்றார். எஸ்தர், “அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிச்சா சார்?” என்றாள். எனக்கெப்படித் தெரியும்? “பாஸ் பண்ணிதான் இருக்கும். அதான் புக்க எடைக்குப் போட்டாங்க” என்று அவளே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து சுமதிதான் எங்களுக்கு டீச்சர்.

நாலு மணிக்கு உட்காருவோம். நான் சுமதியின் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிப்பேன். அடைப்பு திற, எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்பு மூடு. அக்கா ஆறு விசையில் தட்டுவார். இத்தனை வருடம் அவர் படிக்க நான் பின்தொடர்ந்தேன். இப்போது நான் படிக்க அவர். எஸ்தர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கணக்கைக் காதால் வாங்கி வாயால் போடுவாள். அவளுக்குத் தேர்வில் சொல்வதை எழுத ஒரு பிள்ளையைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு படியையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தான் எழுத வேண்டும். அதற்காக என்னைத் தாளும் பேனாவுமாக எதிரே உட்கார வைத்தார் அக்கா. “அவ என்ன சொல்றாளோ அதத்தான் எழுதணும் சம்பத். கூட்டல் குறிய அவ விட்டா நீங்களும் விடணும். நீங்களா நல்லவரா இருக்கக் கூடாது.” நல்லவராக இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு அதையே எழுதுவேன். முடிவில் விடை உதைக்கும். எங்கே விட்டோம் என்று அவளே தேடிப் போவாள்.

பாடத்தையும் அக்கா தன் வழக்கப்படி கடைசியிலிருந்துதான் தொடங்கினார். புள்ளியியல் முதலில், பிறகு இயற்கணிதம். அன்றன்றைக்கு ஏற்றியதை அன்றே எம்பாஸரில் குத்தி, எஸ்தர் பையில் வைத்து அனுப்பினோம். செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் தாள் இளகினால் புள்ளி படுத்துவிடும். தாள் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டேன். எஸ்தர் தன் முந்தானையை நனையவிட்டு, புத்தகத்தை உரச்சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒரு நாள் கூட வராமல் இருந்ததில்லை. எனக்கு மட்டும் ஒரு நாள் காய்ச்சல். அன்று அக்கா தான் மனப்பாடமாக வைத்திருந்த சூத்திரங்களை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்.

எவ்வளவு ஓடியும் ஒரு பாடம் மிஞ்சிவிட்டது. முதல் பாடம், கணங்கள். நாள் இல்லை. விட்டுவிடலாம் என்று அக்காதான் முடிவு செய்தார். அந்த முடிவை எடுத்த அன்று டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. தேர்வில் அதிலிருந்து இரண்டு கேள்வி வந்தது. எஸ்தர் வந்து சொன்னபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எஸ்தர் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். “மத்ததெல்லாம் சொன்னேங்க்கா. எழுத வந்தது ஒரு சின்னப் பொண்ணு. கூட்டல் குறின்னு நான் அழுத்தி அழுத்திச் சொல்ல, அது பயந்துருச்சு” என்று சிரித்தாள்.

முடிவு வந்தது. முப்பத்தேழு. முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. அந்த இரண்டு மதிப்பெண்ணை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். மூன்றே மதிப்பெண் கீழே போயிருந்தால், ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாலு நிமிடத்தில் கவிழ்த்தவனாக நான் பஜ்ஜி தின்றுகொண்டு இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ‘மாத்து’ கமாண்டைப் பிரித்துத் திருத்தி எழுதினேன். அழிக்கும் வேலையை அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வாசகர் பெயர் வரும்போதும் அது நிற்கும்; விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் படித்தாயிற்றா என்று கேட்கும். ஆம் என்று முழு வார்த்தையாக அடித்தால்தான் நகரும். நாலு நிமிட வேலை இரண்டு நாளாயிற்று. புதிதாக வந்த பிள்ளைகள் எல்லாம் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். இந்திரா, புது சர்வரில் நீங்கள் என்ன வைத்தாலும் சரி, அந்தக் கேள்வியைக் கேட்க யாரையாவது ஒருவரை உட்கார வையுங்கள்.

எஸ்தர் பயிற்சி முடித்து, கிண்டியில் ஒரு பெரிய அலுவலகத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரம், ஒரு நாள் காலையில் எங்கள் அச்சகத்துக்கு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். இங்கிலீஷில் ஒரு குரல் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. ராங் நம்பர் என்று வைக்கப் போனேன். “சார், நான் எஸ்தர். அக்காவாண்ட குடுங்க” என்றது அதே குரல்.

அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள். அதற்குள் அவள் டெலிபோன் போர்டில் வேறு அழைப்பு வந்துவிட்டது. “ஒரு நிமிஷம் லைன்லயே இருங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் லைனை அவள் மூடவில்லை. அங்கே அவள் பேசுவதெல்லாம் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா ரிசீவரைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். நானும் காதைக் கொண்டுபோய் வைத்தேன். ஒருவருக்கு வணக்கம் சொன்னாள். ஒருவரைக் காத்திருக்கச் சொன்னாள். ஒருவர் ஏதோ பெயரைக் கேட்டார். யோசிக்காமல் எண்ணைச் சொல்லி இணைத்தாள். மணி அடித்தது, எடுத்தாள். மறுபடி அடித்தது, எடுத்தாள். எங்களை மறந்தே போய்விட்டாள்.

மேனேஜர் அறை வாசலில் வந்து நின்று, யாரு லைன்ல என்று சைகையால் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“வெச்சிடலாமாக்கா?” என்றேன்.

“வேணாம் சம்பத்” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் கேப்போம்.”